இரண்டாம் பக்கத்து வெள்ளைத்தாய்

ராஜபாளையம் நாய்க் கண்காட்சிக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தவள் ஹெப்சிபா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு வேலை. பதிவு செய்த நாய்களெல்லாம் அந்தப் பக்கத்தில் ஒரே அட்டவணையாக வரிசைகட்டி நின்றன. திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைத் தாளில் எடுத்துத் தரச் சொன்னது அவள் அண்ணன் சாம்சன். மைக்கில் அறிவிப்பது அவன் பொறுப்பு. சர்ச்சில் வேதபாடம் வாசித்து வாசித்துத் தன் குரலின்மேல் அவனுக்குத் தனிப் பிரியம். செல்போனைப் பார்த்து வாசித்தால் அந்தக் குரலுக்கு மரியாதை இல்லையாம்.

அன்று காலை, கண்காட்சி நடக்கும் பள்ளியின் அலுவலகத்தில் பிரிண்ட் கொடுத்தாள். ஒரே தாள்தான் வந்தது. மீதி நாய்களைக் காணோம். அட்டவணையை மேலும் கீழும் உருட்டிப் பார்க்கும்படி ஒரு பெட்டிக்குள் அடைத்திருந்தது நினைவுக்கு வர, பெட்டியை எடுத்துவிட்டாள். இப்போது எல்லா நாய்களும் வந்தன. நிறம் என்ற கடைசிப் பத்தி மட்டும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. தாளைப் படுக்கைவாட்டில் மாற்றினாள். அதுவும் சரியாயிற்று. "எம்புட்டு நேரம்ட்டி?" என்று சாம்சன் வாசலில் நின்று அவசரப்படுத்தவும், முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்பினாள்.

முதல் பக்கத்தைச் சாம்சன் கம்பீரமாக வாசித்து முடித்து, அந்தத் தாளை நடுவரிடம் கொடுத்தான். இரண்டாம் பக்கத்தில் உரிமையாளர், நாய், வயது என்ற தலைப்பு வரிசையே இல்லை. எந்தப் பத்தி எது என்று அவனுக்கு மறந்துபோயிருந்தது. நாய்க் கண்காட்சியில் நாய்தானே முதலில் வரும் என்று தானாக முடிவு கட்டிக்கொண்டான். அங்கிருந்த பெயரும் அதற்குத் தோதாக இருந்தது.

"அடுத்து வருவது வெள்ளைத்தாய். வயது மூன்று. பால் வெள்ளை நிறம். அழைத்து வருபவர் திரு. துரை."

வ. புதுப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வெள்ளைத்தாய், ஐம்பதைத் தாண்டியவர், துரை என்கிற தன் நாயைப் பிடித்தபடி மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார். சாம்சன் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெள்ளைத்தாயின் பற்களை நடுவர் இப்போது பரிசோதிப்பார் என்று அடுத்ததையும் அறிவித்தான்.

கூட்டம் சிரித்து ஓயும்வரை வெள்ளைத்தாய் பொறுமையாக நின்றார். பிறகு மேடைப் பக்கம் திரும்பினார்.

"பல்லு எனக்குப் பாக்கணுமா, இதுக்குப் பாக்கணுமாய்யா?"

ஹெப்சிபா அலுவலகத்துக்கு ஓடினாள். தலைப்பையும் மற்ற வரிசைகளைப் போலவே சாதாரண வரிசையாக எழுதியிருந்தாள். அதைத் தலைப்பு என்று குறித்துவிட்டால் பிரவுசரே ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் போட்டுவிடும். அப்படியே மாற்றி, இந்த முறை எல்லாத் தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தாள். தப்பு முழுக்கத் தாள்மேல்தான் என்றான் சாம்சன்.

"தாளுக்குக் கண்ணு இல்ல. ஒனக்கு இருக்குல்லாண்ணே?"

சாம்சன் மன்னிப்புக் கேட்க மேடையிலிருந்து இறங்கிப் போனான். வெள்ளைத்தாய் கோபப்படவில்லை. "நான் செத்த நேரம் காப்பி குடிச்சிட்டு வாரேன். இவனப் பிடிச்சுக்கோ" என்று கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். எதிரே இன்னொரு நாய் போவதைக் கண்ட துரை அவனை மைதானத்தின் மறுகோடிவரை இழுத்துக்கொண்டு ஓடியது.

மைக் சும்மா கிடந்தது. ஹெப்சிபா அதை எடுத்து, புதுத் தாளைப் பார்த்து, அடுத்த உரிமையாளரையும் நாயையும் அவரவர் பெயரில் கூப்பிட்டாள். அவளுடைய குரலும் நன்றாகத்தான் இருந்தது.