கடிபட்ட விரல்

"கட்ட அவுருங்க, பாக்கணும்."

பிணவறை வாசலில் தங்கையின் உடலுக்குக் காத்திருந்த அக்கா, தங்கை கணவனிடம் சொன்னாள். லாரி டிரைவரான அவன் மறுபேச்சில்லாமல் விரல் கட்டை அவிழ்த்தான். மேலும் கீழும் பல் பதிந்து, நகம் கறுத்திருந்தது.

"அவ எதுக்குக் கடிச்சா?"

"வலிப்பு வந்து நாக்கக் கடிச்சுக்கிட்டாக்கா. எடுத்துவிடலாம்னு விரல விட்டேன், பல்லு கிட்டிப்போச்சு."

"நல்லா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்போது வீட்டில் அவனையும் தங்கையையும் தவிர யாருமில்லை. நிறைமாதமாக இருந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அறுவை செய்து குழந்தையை எடுத்த பிறகு ஸ்கேன் பார்த்து, தலைக்குள் ரத்தம் என்றார்கள். விழாமல், அடிபடாமல் அது எங்கிருந்து வரும்? போலீசுக்குப் போய்விட வேண்டும். தன் தோளில் தூங்கும் குழந்தையை இவன் கையில் கொடுக்கவே கூடாது.

டாக்டரம்மா இருவரையும் உள்ளே அழைத்து, படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

"வெள்ளையா இருக்கில்ல, அது ரத்தம். பின்பக்கம் மூளை வீங்கியிருக்கு. பிரசவ சமயத்துல பிரஷர் எகிறி, வலிப்பு வந்தா இப்படி ஆகும். அடிபட்ட அடையாளம் எதுவும் இல்லம்மா."

"அப்போ அந்த விரலு?"

டாக்டர் எட்டிப் பார்த்தார். "வாய்ல எதையும் விடாதீங்கன்னு சொன்னா யாரு கேக்குறா? எல்லாரும் இதையேதான் பண்றாங்க." பிறகு அவனிடம் கேட்டார்: "முன்னாடி தலவலி, கண்ணு மங்கல்னு ஏதாவது சொன்னாங்களா?"

அவன் கட்டை மறுபடி விரலில் சுற்றத் தொடங்கினான்.

"சொல்லுங்க தம்பி," என்றாள் அக்கா. குரலில் கத்தி இருந்தது.

"அவ லைட்டப் போடுங்கன்னா. லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. விளையாடுறான்னு நெனச்சேன்க்கா. சிரிச்சுட்டு, குளிக்கப் போயிட்டேன்."

யாரும் கேட்காமலேயே அவன் மறுபடியும் சொன்னான்:

"சிரிச்சேன்க்கா."

வெளியே வந்தார்கள். உடலை ஏற்ற வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. குழந்தை விழித்துச் சிணுங்கியது.

"ஒரு தடவ வாங்கிக்கட்டுமா?"

அவள் அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அருகில் வந்து, குழந்தையை அவன் கைகளில் கிடத்தினாள். அதன் தலைக்கடியில் இருந்த தன் உள்ளங்கையை மட்டும் எடுக்கவில்லை. வண்டி வந்து நின்ற பிறகும் இருவரும் அப்படியே நின்றார்கள்.