ஷைனியின் நம்பர்

போனின் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தான். திரை கறுப்பாகவே கிடந்தது. சத்தம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினான். ஒன்றுமில்லை. சார்ஜரை மாற்றினான், ஒயரை மாற்றினான், டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் செருகிப் பார்த்தான். சார்ஜ் ஏறும் அடையாளம்கூட வரவில்லை. சார்ஜர் செருகும் ஓட்டைக்குள் ஏதோ நெறுநெறுத்தது. குண்டூசியால் நெம்பினான். ஒரு கேழ்வரகு உதிர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"இதுக்குள்ள கேவுரு எப்படிம்மா வந்துச்சு?" என்றான் அருள்குமார்.

அடுப்படியிலிருந்து ராணியம்மாள் எட்டிப் பார்த்தாள். "டிரம்முக்குள்ள பொதைச்சு வெச்சேன் சாமி. ஈரம் பட்டா அரிசில போடணும்னு டிவில சொன்னாங்க. ரேசன் அரிசில வண்டு. கேவுரு அரிசிய விடப் பொடுசு, இன்னும் நல்லா இழுக்கும்னு..."

"ஈரம் எப்படிப் பட்டுச்சு?"

அம்மா மூலையைப் பார்த்தாள். புதுப்புடவை ஒன்று மஞ்சள் நீர் சொட்ட மடித்து வைத்திருந்தது. மேலே கண்ணாடி வளையல், பூ. முன்னால் வாழையிலையில் சோறும் வடையும். பூவாடைக்காரிக்குப் படையல். தாலியோடு செத்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக்கிக் கும்பிடுவது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக உண்டு. அவளுடைய பொருட்களைப் புடவையில் சுற்றி மஞ்சள் நீரில் முக்கி எடுத்து வைப்பார்கள். அவன் விடியற்காலையில் பால் சொசைட்டிக்குப் போயிருந்த நேரத்தில் அது நடந்து முடிந்திருந்தது.

"எப்பவும் போனைக் கையில வெச்சிட்டிருந்த புள்ள. அதையும் சேத்து வெச்சாத்தான் அவளுக்கு மனசு குளுரும்னு நெனைச்சேன்."

அவன் கோபப்படவில்லை. கோபம் வர வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது. போனைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு தருமபுரி பஸ்ஸுக்குக் கிளம்பினான். சாயங்காலத்துக்குள் அது உயிரோடு இருந்தாக வேண்டும்.

அவன் மனைவி ஷைனியை மாசி மாதம் மரவள்ளிக் காட்டில் பாம்பு கடித்தது. பக்கத்துக் காட்டுக்காரர் பைக்கை ஓட்ட, அவளை நடுவில் உட்காரவைத்து அவன் பின்னால் பிடித்துக்கொண்டான். அவனுடைய போன் வரப்பிலேயே கிடந்தது. அவளுடையது அவள் இடுப்பில் இருந்தது. தருமபுரி போய்ச் சேர்வதற்குள் அதன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஊரில் இருக்கும் அவளுடைய அம்மா ஞானமேரி, ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டு, தினமும் கூப்பிடுவதுபோல் மகளைக் கூப்பிட்டிருக்கிறாள். ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்றது ஒரு குரல். திரும்பத் திரும்ப அடித்திருக்கிறாள். அதே குரல். விடிந்து ஆள் போய்ச் சாவுச் செய்தி சொன்னபோது, "ராத்திரியே சொல்லிட்டாங்க" என்றாளாம்.

மகளைத் தங்கள் ஊர்க் கல்லறையில் வைக்க வேண்டும் என்று ஞானமேரி கேட்டாள். பங்காளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிக்கொடுத்த பிறகு இந்த வூட்டுப் பொணம் என்றார்கள். காட்டோரத்தில்தான் புதைத்தார்கள். அன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது ஞானமேரி அவனிடம் வந்தாள்.

"போனை மட்டும் அணைச்சிராதீங்க மாப்ள. அந்தப் பொம்பள பேசறதை இன்னொருக்கா என்னால கேக்க முடியாது."

"அணைக்க மாட்டேனுங்க அத்தை," என்றான்.

அவளுக்கு அவன் செய்து கொடுத்தது அது ஒன்றுதான். தினமும் சார்ஜ் போட்டான். ரீசார்ஜ் செய்தான். தினமும் ஜெபமாலை முடிந்ததும் அது அடிக்கும். திரையில் 'அம்மா' என்று வரும். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். எடுக்க மாட்டான். அவள் அதற்காக அடிக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். முழுதாக அடித்து ஓயும். அதன் பிறகு அவள் அங்கே சாப்பிட உட்கார்வாள் என்று மாமனார் வியாகுலம் ஒருமுறை சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய நம்பருக்குக் கூப்பிட்டு மழை, மாடு, உடம்பு என்று பேசுவாள். இந்த அழைப்பைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் மாதவராஜின் செல்போன் கடை. அருள்குமாருடன் கல்லூரியில் படித்தவன். படிக்கும்போதும் வாய் ஓயாது. போனைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தவுடன் சிரித்துவிட்டான்.

"என்னடா மச்சான், போனுக்குள்ள களி கிண்டியிருக்க? இதென்ன, மஞ்சளு? குழம்பும் ஊத்திட்டியா?"

"ஷைனி போன்டா."

மாதவராஜின் சிரிப்பு நின்றது. "மன்னிச்சுக்கடா," என்று முனகிவிட்டு விளக்கை இழுத்து வைத்துக்கொண்டான்.

பின்மூடியைச் சூடுகாட்டிப் பிரித்தான். பேட்டரி உப்பியிருந்தது. வேறு பேட்டரி கொடுத்துப் பார்த்தான். போர்டைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, சூட்டுக்காற்றில் காயவைத்தான். ஊறிப்போன கேழ்வரகுத் தோல் இண்டு இடுக்கிலிருந்தெல்லாம் வந்தது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஓரிடத்தில் வைத்தான். அது கூவியது. இன்னொரு இடத்தில் வைத்தான். அங்கேயும் கூவியது.

"போர்டு ஷார்ட்டுடா. ஈரத்தோட சார்ஜ் போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அதுலதான் போயிருக்கும்."

அருள்குமார் தலையாட்டினான். தண்ணீரில் முக்கியது அம்மா. கொன்றது அவன்.

"போட்டோ, வீடியோ ஏதாச்சும் வேணும்னா பெங்களூர்ல ஒருத்தன் இருக்கான். அனுப்பிப் பாக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன். ஒரு வாரமாகும்."

"போட்டோ வேண்டாம். சாயங்காலம் ரிங் போனாப் போதும்."

"என்னது?"

"அவங்க அம்மா கூப்புடுவாங்க. ரிங் போகணும்."

மாதவராஜ் அவனை ஒரு மாதிரி பார்த்தான். விவரம் கேட்கவில்லை. "அட, ரிங் போறதுக்கு எதுக்குடா இந்தப் போனு? சிம்மு நல்லாத்தான் இருக்கும். உன் போனுல ரெண்டாவது சிம்முக்கு எடம் இருக்குதில்ல?"

காலையிலிருந்து அது அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்தப் போன்தான் அடிக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

மாதவராஜ் சிம்மை எடுத்துத் துடைத்தான். அருள்குமாரின் போனிலிருந்து சிம் தட்டை உருவி, இரண்டு சிம்மையும் அதில் வைத்துத் தள்ளினான். திரையில் ஏதேதோ கேட்டது. எந்த சிம்மில் பேச்சு, எந்த சிம்மில் நெட் என்று. "சரி குடுத்துட்டே போ," என்றான் மாதவராஜ். அருள்குமார் சரி கொடுத்துக்கொண்டே போனான். கடைப் போனிலிருந்து ஷைனியின் நம்பருக்கு அடித்துப் பார்த்தார்கள். அடித்தது.

செத்த போனைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாதவராஜ் காசு வாங்கவில்லை. "ஏதாச்சும் சாப்புடு மச்சான். மூஞ்சியப் பாரு, தொவைச்சுக் காயப்போட்ட மாதிரி."

பஸ் பென்னாகரத்தில் வெகுநேரம் நின்றது. ஆள் சேர்ந்தால்தான் எடுப்பேன் என்று டிரைவர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அவன் போனைக் கையிலேயே வைத்திருந்தான். ஏரியூர் ரோட்டில் ஏறி இறங்கும் இடங்களில் டவர் கிடைக்காது. அது தெரிந்ததுதான். ஆனாலும் இரண்டு சிம்மின் கோடுகளும் ஒன்றாக அழிந்தபோது சீட்டிலிருந்து எழுந்துவிட்டான். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தான்.

"கைய உள்ள இழுங்க சார், எதுத்தாப்புல லாரி வருது," என்றார் கண்டக்டர்.

மேடு ஏறியதும் கோடுகள் வந்தன. கூடவே ஒரு குறுஞ்செய்தி. இந்த எண்ணிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்தது. ஞானமேரியின் நம்பர்.

அடித்திருக்கிறாள். அதே குரலையோ அதைப் போன்ற ஒன்றையோ கேட்டிருக்கிறாள்.

அவன் யோசிக்கவில்லை. கூப்பிட்டு, ஒன்றுமில்லை அத்தை, டவர் இல்லை, இப்போது அடியுங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். 'அத்தை' என்ற பெயரைத் தொட்டுக் காதில் வைத்தான்.

ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை.

"பாப்பா!" என்றாள் ஞானமேரி.

அவனுக்கு விளங்கவில்லை.

"பாப்பா, எங்கடி போன? அம்மா பயந்தே..." குரல் பாதியில் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் வியாகுலம், "யாரு புள்ள?" என்று கேட்டார்.

அருள்குமார் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். திரையில் 'அத்தை', கீழே சிறிதாக 'சிம் 1'. ஷைனியின் சிம்மை முதல் இடத்தில் வைத்திருந்தான் மாதவராஜ். அழைப்பு அதிலிருந்து போயிருந்தது. அங்கே அவள் கையிலிருக்கும் போனில் மகளின் பெயர் வந்திருக்கும்.

"அத்தை. நானுங்க. அருளு."

முன் சீட்டில் யாரோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

"அந்தப் போன் கெட்டுப்போச்சுங்க. தண்ணி பட்டிருச்சு. சிம்மை என் போனுல போட்டேன். அதுல இருந்து வருதுன்னு பாக்கலைங்க. உங்ககிட்ட சொல்லலாம்னு..."

"இருக்கட்டும்," என்றாள். அவனோடு பேசும் குரலுக்கு வந்திருந்தாள். "மாப்ளதான்," என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"இப்ப சரியாயிருச்சுங்க. நீங்க எப்பவும் போல அடிங்க. நான் எடுக்க மாட்டேன்."

"அடிச்சு ஓஞ்சா, புள்ள ஏதோ வேலையா இருக்குதுன்னு வெச்சிருவேன் மாப்ள. காட்டுல இருக்கும், மாடு புடிச்சுக் கட்டும். கிறுக்குத்தனந்தான். அப்புறம் ஒரு வாய் சாப்பாடு எறங்கும்." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப அதுல உங்க குரல் வந்துருச்சே."

"அத்தை..."

"உங்க மேல தப்பில்ல. இத்தனை நாள் பாத்துக்கிட்டீங்க. சாப்ட்டீங்களா?"

"இல்லீங்க."

"சாப்புடுங்க." வைத்துவிட்டாள்.

அவன் இறங்கும் இடம் தாண்டிப் போய்விட்டது. கண்டக்டர் விசிலடித்து இறக்கிவிட்டார். இருட்டில் திரும்பி நடந்தான்.

மறுநாள் கறந்த பாலைச் சொசைட்டியில் ஊற்ற வந்தவர்களிடம் வழக்கம்போலப் பேசினான். அளவு சொன்னான், கேன் கழுவினான். சாயங்காலம் டவர் நன்றாகக் கிடைக்கும் வாசல்படியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ராணியம்மாள் தட்டில் களி போட்டுவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"இன்னிக்கு அவங்கம்மா அடிக்கலியா?"

"இல்லம்மா."

"நாளைக்கு அடிப்பாங்க."

மறுநாளும் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞானமேரி அவனுடைய நம்பருக்குக் கூப்பிட்டு, அங்கே நல்ல மழை என்றாள். இங்கே மழை இல்லை என்றான் அவன். அவள் குரல் மெலிந்திருந்தது. ராத்திரியில் அவள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று வியாகுலம் பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார். "நீங்க சும்மா இருங்க," என்று அவரை அதட்டினாள்.

அந்த வாரக் கடைசியில், ஜெபமாலை நேரத்துக்கு, திரை ஒளிர்ந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எடுத்தான். கம்பெனியிலிருந்து செய்தி. ஷைனியின் நம்பருக்குத் திட்டம் நாளையோடு முடிகிறது, உடனே ரீசார்ஜ் செய்யவும்.

ரீசார்ஜ் செய்தான்.