எந்த ஊரானாலும் முதல் மூன்று இன்னிங்ஸ்

இருபத்திரண்டு மணி நேரத்தில் ஓசெல் பெட்வே பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசும் மூன்றாவது ஊர், அலபாமாவின் பர்மிங்ஹாம். சுவரொட்டிகளில் அவன் பெயர்தான் பெரிதாக இருக்கும். அதனால் எந்த ஊரானாலும் முதல் மூன்று இன்னிங்ஸ் அவன் வீசியாக வேண்டும். பன்னிரண்டு வருடங்களாக இப்படித்தான். கறுப்பர்களுக்கு அறை தரும் விடுதி வழியில் இல்லாததால் பேருந்தில் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தான்.

இன்று வலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தார். பெரிய லீக்குக்கு ஆள் தேடுபவர். அங்கே கறுப்பர்களைச் சேர்க்கத் தொடங்கி ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது. அவரிடம் ஓசெலின் வயதை இருபத்தெட்டு என்று சொல்லியிருந்தார்கள். உண்மையில் முப்பத்தாறு. அடுத்த கோடையில் அவனைப் பார்க்க யாரும் வரப் போவதில்லை.

"கைய ஏன் பாக்கெட்டுலயே வச்சிருக்க? கோழிக்கால் திருடிட்டியா?" என்றான் அவன் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ரூஃபஸ்.

"குளிருதுடா."

"அலபாமாவுல, ஆகஸ்ட் மாசத்துல!"

முதல் இன்னிங்ஸ் எப்படியோ முடிந்தது. இரண்டாவதில் லானி க்ரூஸ் மட்டையுடன் வந்தான். நான்கு வருடம் ஓசெலோடு ஒரே பேருந்தில் போனவன், இப்போது எதிரணியில். தலையில் துணித்தொப்பி மட்டும்தான்.

முதல் பந்து அவன் காதை உரசிக்கொண்டு போனது.

"டேய் ஓசெல்! என் பொண்டாட்டி மேல உனக்கு அவ்வளவு ஆசையா?"

கூட்டம் சிரித்தது. ஓசெல் சிரிக்கவில்லை.

ரூஃபஸ் பந்து வீசும் மேட்டுக்கு ஓடி வந்தான். "வளைச்சுப் போடாத. நேரா வீசு."

"நேராத்தான்டா வீசினேன்."

ரூஃபஸ் அவன் கையில் பந்தை வைத்தான். அது நழுவி மண்ணில் விழுந்தது. ஓசெல் அதைக் கவனிக்கவே இல்லை.

ரூஃபஸ் குரலைத் தாழ்த்தினான். "அந்தாளு உன்னையேதான் பாக்குறாரு. இன்னும் ஆறு பேர அவுட்டாக்கினா போதும். எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லு. இத விட்டா வேற வராதுடா."

"தெரியும்."

லானி தொப்பியை அழுத்திக்கொண்டு, பயமில்லை என்று காட்ட ஓரடி முன்னால் வந்து நின்றான். முகத்தில் பல்லிளிப்பு.

ஓசெல் கையுறையைக் கழற்றினான். வலைக்குப் பின்னால் இருப்பவருக்கும் கேட்கும்படியாகச் சொன்னான்:

"ரூஃபஸ், நேத்து மத்தியானத்துலேர்ந்து என் விரல்ல உணர்ச்சியே இல்ல."