கரடாசுரன் மூன்றாம் பாகம்

சேலத்தில் ‘கரடாசுரன்’ படம் முதல் ஆட்டம் ஓடிய சாயங்காலம், கொல்லிமலையில் களி தின்றுகொண்டிருந்த காத்தானுக்கு உப்புப் பட்டு நாக்கு வெந்தது. படத்தில் அசுரனுக்கு ஆகாத பொருள் உப்பு. கடைசிக் காட்சியில் கதாநாயகி ஒரு கூடை உப்பை அவன்மேல் கொட்டுவாள்; அவன் கரைந்து சாவான். அசுரனாக நடித்தவன் காத்தான்தான். அவன் பொண்டாட்டி மயிலம்மாள் வெந்த நாக்கைப் பார்த்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பை அள்ளிப் போட்டிருப்பான் என்று திட்டினாள். மறுநாளும் நாக்கு வெந்தது. அதற்கப்புறம் உப்பில்லாமல் கிண்டினாள். தின்றான். அந்த வீட்டில் உப்புப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

சினிமாக் கம்பெனிக்காரர்கள் மலையேறி வந்தது அதற்கு முந்தின மாசியில். மேலே ரோடு போடாத காலம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து காமிராப் பெட்டியை மலையாட்கள் தலையில் சுமந்து ஏற்றினார்கள். சேலத்து நடிகர்கள் எவருக்கும் பாறைமேல் வெறுங்காலோடு ஓட வரவில்லை. அதனால் ஊரிலேயே உயரமான காத்தானுக்குக் கரி பூசிக் கொம்பு கட்டினார்கள். தப்பு நடந்தது முதல் நாள் காலையிலேயே. மலையில் கூத்து நடந்தால், அரக்கன் வேசம் கட்டிச் செத்தவன் தலையில் அவனைக் கொன்ற வேசக்காரனே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். அப்புறம்தான் செத்தவன் எழுந்து மனுசனாக வீட்டுக்குப் போவான். கம்பெனிக்காரர்களோ வெயில் நன்றாக இருக்கிறதென்று சாவைத்தான் முதலில் எடுத்தார்கள். காத்தான் செத்து, உப்பு மூடிக் கிடந்தபடி தண்ணீருக்குக் காத்திருந்தான். கதாநாயகி குடைக்குக் கீழே போய் உட்கார்ந்து முகத்துக்குப் பவுடர் போட ஆரம்பித்துவிட்டாள். கதை எழுதிய அர்த்தனாரி அவனைக் காலால் தட்டி, அடுத்தது நீ பிறக்கிற காட்சி, எழுந்து வந்து உறுமு என்றார். தண்ணீர் படாமல் ஒரு பிணம் எழுந்து நடப்பதை ஊரே நின்று பார்த்தது. ஊர்க்கவுண்டர் அப்பாசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து காத்தான் தட்டில் யாரும் வெற்றிலை எடுக்கவில்லை.

படம் கீழ்நாட்டில் கூட்டமாக ஓடவே இரண்டாம் பாகம் வந்தது. அதற்குக் கம்பெனி மலைக்கு வரவே இல்லை. மிச்சமிருந்த சுருளை வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். அர்த்தனாரிக்கு உப்பு விசயம் மறந்து போயிருந்தது. இந்தத் தடவை அசுரன், வீட்டில் இருப்பவர்கள் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் எந்த வாசற்படியையும் தாண்ட முடியாதவன். படம் வெளியான அன்று காத்தானுக்குத் தவறி நாக்கில் பட்ட உப்பு மறுபடி ருசித்தது. மயிலம்மாள் சந்தோசப்பட்டுப் பானையை நிமிர்த்தினாள். அவன் சாமைக் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்து அவள் இழுத்துப் பார்த்தாள், பின்னால் போய்த் தள்ளிப் பார்த்தாள். நட்ட கல் மாதிரி நின்றான். கூரைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தின்றான், அங்கேயே படுத்தான். ஐப்பசி மழை சாரலடித்து அவனை நனைத்தது, மார்கழிப் பனியும் பெய்தது. நெஞ்சில் சளி கட்டி, இருமலில் ரத்தம் வர ஆரம்பித்தது.

கீழே படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னபடி, பேர் சொல்லிக் கூப்பிட்டால் தீர்ந்தது. ஆனால் புருசன் பேரைப் பொண்டாட்டி வாயால் சொல்வது அந்த மலையில் இல்லாத வழக்கம். சொன்னால் அவன் ஆயுசு குறையும். பங்காளிகள் தங்கள் வீட்டுக்காவது அவனைக் கூப்பிடலாம் என்றால், பிணத்தைக் கூப்பிடுகிறவனுக்கு ஊர்ப் பொதுவில் இடமில்லை என்று அப்பாசாமி கட்டு போட்டிருந்தார். மயிலம்மாளிடம் இருந்தது தொண்டை ஒன்றுதான். அவள் மேட்டில் நின்று திட்டினால் அடுத்த ஊர் ஆடு தலை தூக்கிப் பார்க்கும். அந்தத் தொண்டையோடு மலையிறங்கிச் சேலத்துக்கு நடந்து, கம்பெனிக் கொட்டகையில் அர்த்தனாரியைப் பிடித்தாள்.

“ஏனுங்க, எங்கூட்டுக்காரரு மழையில கெடக்கறாருங்க. அந்த வாசப்படி சமாச்சாரத்தக் கதையில இருந்து எடுத்துப்போடுங்க.”

“ராட்சசன் ஊட்டுக்குள்ள உக்காந்து களி தின்னா எவம்மா டிக்கெட்டு எடுப்பான்?”

“அப்ப ஒரேயடியா சாவறாப்பல எழுதுங்க. பாத்துக்கிட்டு இருக்க முடியலீங்க.”

“பாகத்துக்குப் பாகம் சாவத்தான் செய்யறான். மறுபாகத்துல வந்தர்றானே, நானென்ன பண்ணட்டும்?”

கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். மயிலம்மாள் அர்த்தனாரியின் பரம்பரையை அடியிலிருந்து எடுத்துத் திட்ட ஆரம்பித்தாள். ஒலிப்பதிவு நின்றது, நடிகைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நாலு பேர் சேர்ந்து அவளைத் தெருவில் கொண்டு போய் விட்டார்கள். அர்த்தனாரி அதை மறக்கவில்லை. மூன்றாம் பாகத்தில் வாசற்படியை அப்படியே விட்டு, கூட ஒரு புது விதி வைத்தார்: அசுரனைப் பேர் சொல்லி உள்ளே அழைக்கிறவளின் குரலை அவன் எடுத்துக்கொள்வான், அது திரும்பி வராது. மிளகு மூட்டையோடு புளியஞ்சோலை வழியாகத் துறையூர் போனவர்கள் டென்ட் கொட்டகையில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். சொல்லும்போது சிலருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் காலை மயிலம்மாள் வேலைக்குப் போகவில்லை. வீடு வீடாகப் போய் வாசலில் நின்று, யார் யாருக்கு என்ன சொல்ல இருந்ததோ எல்லாவற்றையும் சொன்னாள். பழைய வரப்புத் தகராறுகூட விட்டுப்போகவில்லை. கடைசியாக அப்பாசாமி வீட்டுக்கு வந்தாள்.

“ஏனுங் கவுண்டரே, எங்கூட்டுக்காரரு இருமறது உங்க காதுல உழுவுதுங்களா? உழுவட்டும். நாளைக்கு இந்தக் கொரலு எங்கிட்ட இருக்காது, இன்னைக்கே கேட்டுக்கங்க. கரடாசுரன் சேலத்துல பொறக்கல. உங்க வாசல்லதான் பொறந்தான்.”

அப்பாசாமி கதவைச் சாத்திக்கொண்டார். அவள் வீட்டுக்கு வந்து களி கிண்டி, உப்புப் போட்டு, இரண்டு தட்டு வைத்தாள். வெளியே கிடந்தால் குறைவதற்கு ஆயுசே மிஞ்சாது என்று வாசற்படிக்கு உள்ளே வந்து நின்றாள்.

“காத்தான், உள்ள வா.”

வந்தான். இருமல் படியிலேயே நின்றுபோனது. “நீயும் உக்காரு, ஆறிப்போவுது” என்று அவன் சொன்னபோது வந்தது மயிலம்மாளின் குரல். அவள் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. உட்கார்ந்து தின்றாள்.

பேயைக் குடிவைத்த குடும்பம் மலையை விட்டுப் போக வேண்டும் என்று அடுத்த வாரமே பஞ்சாயத்து கூடியது. காத்தான் எழுந்தான். “போகச் சொல்ற வாய்க்கு அன்னைக்கு ஒருக்காக் கூப்பிட வரலியாக்கும்?” என்று ஆரம்பித்து, மேட்டில் நின்று திட்டுகிற அந்தத் தொண்டையில், மூச்சு விடாமல் பேசினான். அப்பாசாமி பாதியிலேயே துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். காத்தானாக இருந்தால் பதில் சொல்லலாம், இவளிடம் எவன் வாய் கொடுப்பது என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்ததோடு தீர்ப்பு முடிந்தது.

உலகச் சண்டைக் காலத்தில் பிலிம் கிடைக்காமல் கம்பெனி மூடிவிட்டது. நாலாம் பாகம் எடுக்கவில்லை. ஆகையால் விதியும் மாறவில்லை. செம்மேட்டுச் சந்தையில் காத்தான் பெண் குரலில் பேரம் பேசுவான். பக்கத்தில் நிற்கிற மயிலம்மாள், பேச்சு தனக்குப் பிடிக்காமல் போனால் அவன் விலாவில் முழங்கையால் இடிப்பாள். மலையாட்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மிளகு வாங்க வருகிற துறையூர் வியாபாரிகள்தான் முதல் தடவை கொஞ்சம் திகைப்பார்கள். அடுத்த சந்தைக்குள் அவர்களும் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டு, அவன் வாயிலிருந்து பதில் வாங்கிக்கொள்ளப் பழகிவிடுவார்கள்.