ஒற்றை வெடி

"சாமி படத்துல கத்தரிக்கோல் வைக்காதீங்க" என்றாள் சின்னவ்வா.

மேதப்பா காலண்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமி இல்லாத இடம் எங்க இருக்கு இதுல? பின்னாடியும் ஊதுபத்திக் கம்பெனிக்காரன் இன்னொரு சாமியைப் போட்டிருக்கான்."

"அலமாரியில கல்யாணப் பத்திரிகை கிடக்கு. அதை எடுத்துக்குங்க."

"யாரு வீட்டுது? உன் அண்ணன் வீட்டுதா?" அவர் முகம் மலர்ந்தது. "எடு, எடு. உங்க அண்ணன் இந்த வீட்டுக்கு அனுப்பினதுல இதுவாவது உருப்படியா உதவட்டும்."

பத்திரிகை நல்ல கனமான அட்டை. சின்னவ்வா அதை மரக்கட்டையின் மேல் வைத்து, வட்ட உளியை நிறுத்திச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். காசு போல ஒரு வில்லை தெறித்து விழுந்தது. அதில் அவளுடைய அண்ணன் மகளின் பெயரில் பாதி இருந்தது.

நாற்று நடவு முடிந்திருந்தது. மழை விட்டபாடில்லை. ஆயுதங்களுக்குப் பூ வைத்துக் கும்பிடும் கைல்போல்துப் பண்டிகைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அதுவரை வேட்டைக்கென்று துப்பாக்கியைத் தொடக்கூடாது. நடுக்கூடத்துத் தூக்குவிளக்கின் கீழ், சுவரோரம் அது பூவுக்காகக் காத்திருந்தது. ஆனால் தோட்டாக்களைத் தயார் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. முன்கூடத்து மேசையில் மேதப்பா காலையிலேயே கடை பரப்பிவிட்டார். வெடித்து முடிந்த பித்தளைத் தோட்டாக்கள், அவற்றைச் செருகி நிறுத்தத் துளைபோட்ட பலாக்கட்டை, தோட்டாவின் அடியில் பொறி வைக்கும் பழைய 'கேப்'பைத் தட்டி எடுக்க ஓர் ஆணி, வெடிமருந்து டப்பா, எருமைக் கொம்பில் செதுக்கிய சின்ன அளவுக் கரண்டி, ஈய ரவைப் பை, மெழுகுவர்த்தி.

அவர் ஒன்றை முழுவதும் முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். புதுக் 'கேப்'பை அழுத்தி, கரண்டியால் மருந்தை மொண்டு, கட்டைவிரலால் மேலே வழித்துக் கொட்டுவார். அதன்மேல் ஓர் அட்டை. பழைய கம்பளியில் வெட்டிய தடித்த வில்லைகள் இரண்டு. கோலால் இறுக்கி, ரவை போட்டு, மறுபடியும் ஓர் அட்டை வைத்து, விளிம்பைச் சுற்றி மெழுகு விட்டு, பலாக்கட்டையின் இடது கோடியிலிருந்து வரிசையாகச் செருகுவார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் காலித் தோட்டாக்கள் அவரிடம் வரும். மேதப்பா போட்ட தோட்டா ஏமாற்றியதில்லை என்று அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பேச்சு இருந்தது. அதை யாராவது சொல்லும்போது அவர் காது கேளாதவர் மாதிரி இருப்பார். இரண்டாம் முறை சொல்லட்டும் என்பதற்காக.

"இந்த வருஷம் தேங்காயைக் குறி வெச்சுச் சுடற போட்டியில நான் பேர் கொடுக்கப் போறேன்" என்றார்.

"எந்தத் தேங்காயை? போன வருஷம் நீங்க சுட்டதுக்குத் தேங்காய் அசையவே இல்ல. குஞ்ஞப்பா வீட்டுக் கோழிதான் முட்டை போடறதை நிறுத்திடுச்சு."

அவர் சிரித்தார். "காத்து அடிச்சுது அன்னிக்கு."

"காத்து உங்களுக்கு மட்டுமா அடிச்சுது? சின்னப் பசங்க நிக்கற இடத்துல போய் நின்னுக்கிட்டு, கண்ணாடியைத் துடைச்சு மாட்டி, மறுபடியும் துடைச்சு மாட்டி... எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. உங்க மருமக நெறமாசமா இருக்கா, அவளும் சிரிச்சு வைக்கப் போறா, அங்கேயே வலி எடுத்துரும். பேசாம உக்காந்து பன்றிக்கறி சாப்பிட்டோமா, கடம்புட்டு உருண்டை சாப்பிட்டோமான்னு இருங்க."

அவர் பதில் சொல்லவில்லை. அவள் உளியைத் தட்டிக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் பேசினாள். அவருடைய கண்ணைப் பற்றி, தோள்வலியைப் பற்றி, வைத்தியர் சொல்லியும் கேட்காததைப் பற்றி. எதற்கும் மறுப்பு வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"என்ன, வாயடைச்சுப் போச்சா?"

"கையைக் கழுவிட்டு வரேன்" என்று அவர் எழுந்தார். "காப்பி போடு. வெல்லம் கம்மியா."

அவள் அடுப்படிக்குப் போய்த் தண்ணீரை ஏற்றினாள். கொல்லைப்புறம் செம்பு விழுந்த சத்தம் கேட்டது. செம்பு உருண்டு நிற்கும்வரை காத்திருந்தாள். அதற்குப் பிறகு ஒரு திட்டு வரவேண்டும். வரவில்லை.

மேட்டு வீட்டிலிருந்து கொழுந்தன் நாணய்யா ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி வந்து நடுக்கூடத்தில் கிடத்தினார்கள். மருமகள் தேச்சம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயில்லாத பெண் என்பதால் பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன், இவர்களுடைய ஒரே மகன், வடக்கே பட்டாளத்தில் இருந்தான். அவனுக்குத் தந்தி கொடுக்க ஆள் போகவேண்டும். அதற்கு முன்னால் ஊருக்குச் சொல்லவேண்டும்.

ஊருக்குச் சொல்வது என்றால் இரண்டு வெடி. அடுத்தடுத்து இரண்டு கேட்டால் சாவு. வயலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவரவர் கைவேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவார்கள். யாரும் போய் அழைக்கவேண்டியதில்லை.

நாணய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை எடுத்தான். பலாக்கட்டையில் கைக்கு எட்டிய வலது கோடியிலிருந்து இரண்டு தோட்டாக்களை உருவி, இரட்டைக் குழலில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினான். வயலுக்கு மேலே வானத்தைப் பார்த்துப் பிடித்தான். முதல் வெடி எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. இரண்டாவது விசையை இழுத்தபோது, சுள்ளி ஒடிந்தது மாதிரி 'டப்' என்றது. அவ்வளவுதான்.

நாணய்யா கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கூடத்துக்குள் ஓடிவந்து பலாக்கட்டையில் கையை வைத்தான்.

"தொடாதே" என்றாள் சின்னவ்வா.

"ஒண்ணுதான் வெடிச்சிருக்கு அண்ணி. ஒத்தை வெடின்னா என்ன அர்த்தம்? சீக்கிரம் இன்னொண்ணு..."

"தொடாதேங்கறேன். குழலை மடக்கு."

அவன் மடக்கினான். கோலை விட்டுத் தள்ளியபோது இடது குழலிலிருந்து ரவை சிதறியது. அட்டையும் கம்பளி வில்லைகளும் விழுந்தன. சின்னவ்வா வில்லையை எடுத்துப் பார்த்தாள். வெட்டிப் போட்ட மாதிரியே இருந்தது. கருகவில்லை, கரி ஒட்டவில்லை. மருந்தின் வாடையே இல்லை.

"நனைஞ்சிருக்கும். நான்தான் அண்ணி, துண்டைக்கூட மேல போடாம மழையில எடுத்துட்டுப் போயிட்டேன்" என்று நாணய்யா தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணனுக்கு ஒரு வெடி ஒழுங்கா வைக்கத் துப்பில்ல எனக்கு."

அவள் வில்லையை மேசையில் வைத்தாள். அவள் மனம் வேறு கணக்கில் இருந்தது. அவர் டப்பாவிலிருந்து மொண்ட மருந்து இதற்குள் போகவில்லை. அப்படியென்றால் அது வேறு எதற்குள் போனது?

மேசையின் முன்னால் உட்கார்ந்து, வலது கோடியிலிருந்து தோட்டாக்களை எடுத்துக் கத்திமுனையால் மெழுகைக் கீறினாள். அடுத்த தோட்டாவில் மருந்து இருந்தது. ரவை பாதிதான் இருந்தது. அதற்கு அடுத்ததைக் கவிழ்த்தபோது மருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு கரண்டி. கம்பளி வில்லைகள் வைக்கவே இல்லை, அதனால்தான் வாய்மட்டம் சரியாக நின்றிருக்கிறது. அந்தக் காலத்துக் குழல், பப்பாளித் தண்டு மாதிரி. நாணய்யா இதைப் போட்டுச் சுட்டிருந்தால் குழலே வெடித்து, கூடத்தில் இன்னொருவரையும் கிடத்தியிருக்கவேண்டும்.

அப்போதுதான் வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வயலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு மாச்சம்மா, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, குடையும் கையுமாக வரப்பேறி வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு நெய்ப் பாத்திரம்.

"ஒத்தை வெடின்னா ஆம்பளப் புள்ளதானே! எங்க அந்தப் புதுத் தாத்தா? பேரன் பொறந்த உடனே வெடிக்கணும்னு துப்பாக்கியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே தூங்கினாரா? பண்டிகை முடியற வரைக்கும் பொறுக்கச் சொல்லு வயித்துல இருக்கறவன்கிட்ட, அப்பன் வந்து பாக்கட்டும்னு நான் நேத்துதானே சொன்னேன். கேட்டானா பய."

நாணய்யா வாசலுக்குக் குறுக்கே போய் நின்றான்.

"தள்ளு நாணய்யா. மூஞ்சியைப் பாரு, இவன் பெத்த மாதிரி களைச்சுப் போயிருக்கான்." அவனை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தவள் தூணோரம் தேச்சம்மாவைப் பார்த்தாள். வயிறு நேற்றைப் போலவே இருந்தது. மாச்சம்மாவின் சிரிப்பு முகத்திலேயே சற்று நேரம் நின்றது, எங்கே போவது என்று தெரியாமல். பிறகு நடுக்கூடத்தைப் பார்த்தாள்.

நெய்ப் பாத்திரத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"ஒண்ணுதானே கேட்டுச்சு சின்னவ்வா" என்றாள். "எனக்கு ஒண்ணுதானே கேட்டுச்சு."

கீழே வயலோரத்திலிருந்து குஞ்ஞப்பாவின் குரல் வந்தது. "யோவ் மேதப்பா, சாராயத்தை எடுத்து வை, நாங்க நாலு பேர் வரோம்." பின்னாலேயே யாரோ விசிலடித்தார்கள். நாணய்யா இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வரப்பில் ஓடினான்.

"ரெண்டு வெடி வைக்கணும்" என்றாள் சின்னவ்வா. "இல்லன்னா இவங்க இப்படியே வந்துக்கிட்டிருப்பாங்க. ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் என்னால பாக்க முடியாது."

"நீ செய்யக்கூடாதுடி இதை. வீட்டுக்காரி நீ. எழுந்து அவர் பக்கத்துல போய் உக்காரு."

"வேற யாருக்கு இது தெரியும்?"

மாச்சம்மா ஈரக் கையைச் சேலையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

சின்னவ்வா இடது கோடியிலிருந்தும் தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்தாள். ஆரம்பத்தில் போட்டவை எல்லாம் சரியாக இருந்தன. மருந்து சரி, வில்லைகள் சரி, மெழுகு கோடு போட்ட மாதிரி. நடுவில் ஒன்றில் அட்டை சாய்ந்திருந்தது. அதற்கு அடுத்ததில் மெழுகு விளிம்பைவிட்டு வழிந்து பித்தளையில் இறங்கியிருந்தது. அங்கிருந்துதான் எல்லாம் தவறிக்கொண்டே போனது. கை கனத்திருக்கும். கண் மங்கியிருக்கும். அவள் கோழி முட்டையைப் பற்றிச் சொன்னதற்கு அவர் சிரித்தாரே, அது எந்தத் தோட்டா? காத்து அடித்தது என்றாரே, அது எது? அதற்குப் பிறகு அவர் பேசாமல் இருந்ததெல்லாம் இந்தப் பக்கத்துத் தோட்டாக்களில் இருந்தது. எதிரே உட்கார்ந்து அவள் அட்டை தட்டிக்கொண்டிருந்தாள். அவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டே, சொன்னால் அவள் பயந்துவிடுவாளோ என்றோ, இல்லை வேலை பாதியில் நிற்கக்கூடாது என்றோ, ஒன்றை முடித்து அடுத்ததைத் தொட்டிருக்கிறார்.

சரியாக இருந்தவற்றில் இரண்டை அவள் மறுபடியும் கட்டினாள். கொம்புக் கரண்டியால் மருந்தை மொண்டு, கட்டைவிரலால் வழித்துக் கொட்டினாள். மாச்சம்மா வில்லைகளை ஒவ்வொன்றாக நீட்டினாள். பத்திரிகையில் வெட்டிய அட்டைகள் வந்தபோது அச்செழுத்தைப் பார்த்துவிட்டு, எழுத்துப் பக்கத்தை உள்ளே திருப்பிக் கொடுத்தாள். சின்னவ்வா கோலால் இறுக்கி, ரவை போட்டு, மேல் அட்டையை வைத்தாள். மெழுகுவர்த்தியைச் சாய்த்தபோது மெழுகு விளிம்பைத் தாண்டப் பார்த்தது. மாச்சம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நாணய்யா திரும்பி வந்து வாசற்படியில் நின்றான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"நான் நனைச்சிருக்கக்கூடாது அண்ணி. இனிமே ஆயுசுக்கும்..."

சொல்லாமல் விட்டுவிடலாம். மழை என்று சொன்னால் முடிந்தது. மேதப்பா போட்ட தோட்டா ஏமாற்றியதில்லை என்ற பேச்சு அப்படியே நிற்கும். சின்னவ்வா அவன் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் முகத்தில் பாதி அவனுக்கு வந்திருந்தது.

"உன் கையில தப்பில்ல" என்றாள். "அதுல மருந்தே இல்ல. அவர் போட மறந்துட்டார். அப்பவே அவர் போய்க்கிட்டிருந்தார் நாணய்யா. நான் எதிர்லதான் உக்காந்திருந்தேன்."

நாணய்யா மேசையில் பிரித்துக் கிடந்த தோட்டாக்களைப் பார்த்தான். அவனுக்கும் அந்த வேலை கொஞ்சம் தெரியும். வழிந்த மெழுகின் மேல் விரலை வைத்துப் பார்த்தான்.

அவள் இரண்டு தோட்டாக்களையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள். இந்தத் தடவை அவன் துண்டை மேலே போட்டு மூடிக்கொண்டு இறங்கினான்.

இரண்டு வெடியும் கேட்டன. ஒன்றின் எதிரொலி அடங்குமுன் மற்றொன்று. வயலுக்கு அந்தப் பக்கம் யாரோ மரம் பிளந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. மாச்சம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். தேச்சம்மா தூணை விட்டுவிட்டு வந்து அத்தையின் அருகில் தரையில் உட்கார்ந்தாள். எப்படி உட்காரமுடிந்தது என்று தெரியவில்லை.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இந்த முறை யாரும் பேசிக்கொண்டு வரவில்லை. சின்னவ்வா எழுந்து போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். விரல்களில் இருந்த மருந்துக் கறையை யாரோ துடைக்க வந்தார்கள். வேண்டாம் என்று கையை மடியில் மூடிக்கொண்டாள்.

முன்கூடத்தில் குஞ்ஞப்பா நாணய்யாவைத் தாழ்ந்த குரலில் கேட்பது அவள் காதில் விழுந்தது. "முதல்ல ஏன்டா ஒண்ணுதான் கேட்டுச்சு? மேதப்பா போட்ட தோட்டாவா அது?"

"அண்ணன் போட்டதுதான்" என்றான் நாணய்யா. "நான்தான் மழையில நனைச்சுத் தொலைச்சேன்."

"அறிவு கெட்டவனே. அவன் தோட்டா இதுவரைக்கும் யாரையாவது ஏமாத்தியிருக்கா? விசிலடிச்சுக்கிட்டு வந்தோம்டா நாங்க. சாவு வீட்டுக்கு."

"தப்புதான்."

"தப்பாம் தப்பு. உனக்குத் துப்பாக்கி எதுக்கு?"

நாணய்யா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். பின்னால் வந்தவர்களுக்கும் அதையே சொன்னான். மேசையில் கிடந்ததையெல்லாம் மாச்சம்மா ஏற்கனவே ஒரு துணியில் கூட்டி மூட்டையாகக் கட்டி எங்கோ வைத்துவிட்டிருந்தாள்.

சின்னவ்வா உட்கார்ந்த இடத்திலிருந்து வாசல் வழியாகக் கீழே பார்க்கமுடிந்தது. மழை கொஞ்சம் குறைந்திருந்தது. ஆட்கள் வரப்பில் ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். புது நாற்றுகளுக்கு நடுவே தண்ணீர் கணுக்கால் அளவு நின்றிருந்தது.