மாதா கெபி வளைவில் ஒரு பொத்தான்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஏணியின் மேல் நின்றுகொண்டிருந்தபோது கிடைத்தது. பதுளையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பாடசாலைகளுக்கு ஸ்மார்ட் போர்ட் பொருத்திக் கொடுப்பது வயிற்றுப்பாட்டுக்கு. கதை எழுதுவது வீட்டில் திட்டு வாங்குவதற்கு. அன்று பசறைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில், முன்பு விற்ற போர்டுக்கு ஸ்பீக்கர் மாட்டச் சுவரில் ஆணி இறக்கிக்கொண்டிருந்தேன். கீழே ஜெயமலர் டீச்சர் கதிரைகளை இரண்டு வரிசையாக, நடுவில் வழி விட்டு, அடுக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் ஏதும் நடக்கப்போகிறதா என்று கேட்டேன்.

"இல்லை. இது பஸ்," என்றார்.

அந்த ஒரு பேச்சில் விழுந்தவன்தான். இன்னும் எழும்பவில்லை.

(கதைக்குள் ஒரு திரை வந்தால் அது வில்லனாகத்தான் இருக்கவேண்டும் என்பது நம் இலக்கியக் கூட்டங்களில் எழுதாத சட்டம். பிள்ளைகளைக் கெடுத்தது, கண்ணைக் கெடுத்தது, உறவைக் கெடுத்தது என்று முடிக்கவேண்டும். அதை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அந்தத் திரையை விற்றவன் நான். அதன் பக்கம்தான் பேசுவேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலை மலைகளின் மீது வெண்பனி தன் மெல்லிய

நிறுத்திவிட்டேன். அந்தக் கம்பளத்தை இன்னும் எத்தனை பேர்தான் விரிப்பது? அதற்குள் அட்டைக்கடியோடு நிற்கிற ஒருவரும் அதைக் கம்பளம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது: "றொஷேல் ஒரு பாவப்பட்ட பிறவி. பதினேழு வயதாகியும் அவளால்

இதையும் விட்டுவிட்டேன். ஆனால் அழிக்கவில்லை. இப்படித் தொடங்கத்தான் என் கை முதலில் போனது என்பதை நீங்களும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். றொஷேலை இரண்டு தடவை பார்த்தபிறகு 'பாவம்' என்ற சொல்லுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அவள் சரியான பிடிவாதக்காரி. வீட்டில் பேசுவாள், வெளியாட்களைக் கண்டால் வாய் பூட்டிக்கொள்ளும். எதையும் மெதுவாகத்தான் பழகுவாள். பழகிவிட்டாலோ, அந்த ஒழுங்கை மாற்ற யாராலும் முடியாது. தேத்தண்ணி போடப் பழக்கினால் முதலில் கோப்பை, பிறகு சீனி, பிறகுதான் சாயம். நடுவில் யாராவது சாயத்தை முந்தி ஊற்றிவிட்டால் அதைக் கொட்டிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள்.

ஆகவே கதையை ஜெயமலரிடமிருந்து தொடங்குகிறேன். அவருக்குத்தான் முதலில் நித்திரை கெட்டது.

3

ஜெயமலர் யாழ்ப்பாணத்துக்காரர். இடமாற்றத்தில் பசறைக்கு வந்தவர், வந்த வேகத்தில் திரும்பிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் திரும்பவில்லை. வாழ்க்கைத் திறன் வகுப்பு என்று அவருக்குத் தரப்பட்ட அறையில் பழைய மேசைகளும், பழுதான ஒரு தையல் மெஷினும், எழுதவும் வாசிக்கவும் வராது என்று மற்ற வகுப்புகள் கைவிட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். எழுத்து வராவிட்டால் படம் வரும் என்று அவர் சொன்னார். கடைக்குப் போவது, கை கழுவுவது, அடுப்புப் பற்றவைப்பது என்று ஒவ்வொன்றையும் தானே ஃபோனில் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, போர்டில் போட்டுக் காட்டினார். பேச வராத பிள்ளைகளுக்கு டெப் என்கிற கைத்திரையில் பொத்தான்கள் வைத்தார். படத்தைத் தொட்டால் டெப் பேசும்.*

ஒரு நாள் பின்னேரம் றொஷேலைக் கூட்டிப்போக வந்த அவள் அம்மா இருதயம்மா, வாசலிலேயே நின்றுவிட்டார். மடுல்சீமைப் பாதையில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். காலையில் றொஷேல் தோட்டத்துப் பிள்ளைகளோடு வந்துவிடுவாள். அவர்கள் மாலை வகுப்பு முடித்துத்தான் திரும்புவார்கள் என்பதால், கூட்டிப்போக மட்டும் அம்மா வரவேண்டும்.

"டீச்சர், இனி நேரத்தோட மலைய விட்டு எறங்க முடியாதுங்க," என்றார் இருதயம்மா. "கொழுந்து நிறுக்க முந்தி போனா அரைப்பேர்தான், அரைநாள் சம்பளந்தான்னு கணக்கப்புள்ள கறாரா சொல்லிட்டாரு. இந்தத் தவணையோட புள்ளய நிப்பாட்டிப்புடலாம்னு இருக்கேன்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஜெயமலருக்குத் தெரியும். தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் றொஷேல் பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவேண்டியதுதான். தவணை முடிய ஒரு மாதம் இருந்தது. அதற்குள் அவள் தனியாகப் பஸ்ஸில் போவாள் என்று ஜெயமலர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பயந்தார்.

* முதலில் ஜெயமலரின் குரல்தான் டெப்பில் இருந்தது. "இதில இறக்கி விடுங்கோ" என்று அது யாழ்ப்பாணத் தமிழில் சொன்னதும் வகுப்பே சிரித்தது. றொஷேலும் சிரித்தாள். பிறகு இருதயம்மாவைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்: "அண்ணே, சந்தியில எறக்கம்."

4

கதிரைகள் பஸ் ஆனது இப்படித்தான். ஜெயமலர் மடுல்சீமை பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து பாதை முழுவதையும் படம் பிடித்துவந்தார். போர்ட் முன் கண்ணாடி ஆனது. பிள்ளைகள் கதிரைகளில் அமர்ந்து வளைவுக்கு வளைவு சாய்ந்தார்கள். ஒருவன் கொண்டக்டர். ஏணியிலிருந்து நானும் சாய்ந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இறங்குவதற்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. றொஷேலின் தோட்டச் சந்திக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் மாதா கெபி, மாதா சிலை வைத்த சின்னக் குகை, இருக்கிறது. வெள்ளையும் நீலமுமாகத் தூரத்திலேயே தெரியும். மாதாவைக் கண்டதும் பொத்தானை அமர்த்து: இதுதான் பாடம். முதலில் றொஷேல் பிந்தினாள். ஜெயமலர் படத்தைப் பாதி வேகத்துக்குக் குறைத்தார். அப்போது சரியாகச் செய்தாள். கெபி வந்ததும் தலை குனிவாள், உதடு அசையும், பிறகு பொத்தான். சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறாள் என்று ஜெயமலர் பூரித்துப்போனார். வகுப்பு கை தட்டியது.

உண்மையான பஸ்ஸில் முதல் தடவை போனபோது ஜெயமலர் பின் சீட்டில் ஒளிந்திருந்தார். அந்தப் பஸ்ஸின் கொண்டக்டர் இன்ஸாபிடம் மட்டும் சொல்லிவைத்திருந்தார். கெபி வந்தது. றொஷேல் பொத்தானைத் தொடவில்லை. நெற்றியில், நெஞ்சில், தோள்களில் சிலுவை போட்டாள். கை கூப்பினாள். 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை ஒரு சொல் விடாமல் உதட்டுக்குள் சொல்லி, ஆமென் சொல்லி, திரும்பச் சிலுவை போட்டாள். அதன்பிறகு பொத்தானை அமர்த்தினாள். சந்தி எப்போதோ போய்விட்டது. இருதயம்மாவின் குரல் கேட்டதும் இன்ஸாப் பழக்கதோஷத்தில் இருதயம்மாவைத் தேடினார்.

இத்தனை நாளும் அம்மா மணியடித்துவிடுவார், மகள் ஜெபம் சொல்லிக்கொண்டே இழுபட்டு இறங்குவாள். அதனால் வீட்டிலும் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. ஜெயமலரோ கோயிலைக் கடந்தால் நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போகிறவர். ஒரு கத்தோலிக்கப் பிள்ளையின் கை மாதாவுக்கு முன்னால் வேறு வேலைக்கு ஓய்வாக இருக்காது என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. அத்தனை அடையாளங்கள் இருக்கிற பாதையில், அந்தப் பிள்ளையால் பொத்தானைத் தொடமுடியாத ஒரே இடத்தைப் பார்த்துத் தெரிவுசெய்திருக்கிறார். திரும்பி நடந்து வரும்போது வாய்விட்டுச் சிரித்தார். றொஷேல் முறைத்தாள்.

5

(இந்த இடத்தில் என் ஜெயமலரை நானே சந்தேகித்தேன். இவ்வளவு நல்ல டீச்சர் இருப்பாரா? ஒரு குறையாவது வைக்கவேண்டும் என்று, அவர் றொஷேலை அதட்டுவதாக ஒரு பந்தி எழுதினேன். அந்தப் பந்தி கடதாசியில் நிற்க மறுத்தது. அவருக்குக் கோபம் வரும். ஆனால் அது கல்விக் காரியாலயத்தோடும், சார்ஜ் நிற்காத டெப்போடும், சில நேரம் என்னோடும்தான்.)

ஜெபத்தைச் சுருக்கச் சொல்லலாம் என்றார் இருதயம்மா. "மாதா ஒண்ணும் கோவிச்சுக்காதுங்க." ஜெயமலர் மறுத்துவிட்டார். அந்தப் பிள்ளை யாரும் சொல்லாமல் தானாகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான், அதில் கை வைக்கமாட்டேன் என்றார். பிள்ளையை மாற்றாமல் பாடத்தை மாற்றினார். கெபிக்கு முந்திய வளைவில் தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரை தெரியும். அதைக் கண்டதும் பொத்தான். பிறகு ஆறுதலாக, அவசரமில்லாமல், மாதா. படத்தைத் திரும்ப வெட்டினார், இந்தத் தடவை முழு வேகத்திலேயே ஓடவிட்டார். வகுப்பு திரும்பச் சாய்ந்தது. பஸ்ஸில் கூடப்போய்ப் பார்த்தபோது பொத்தான் விழுந்தது, ஜெபம் நடந்தது, ஆமென் சொல்லவும் இன்ஸாப் கதவைத் தட்டவும் சரியாக இருந்தது. பின் சீட்டில் ஜெயமலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அதோடு இன்னொரு பொத்தானும் வைத்தார். அதைத் தொட்டால் டெப் சொல்லும்: "எடம் தவறி வந்துட்டேன். இது எங்க அம்மா நம்பர்." இதற்கும் வகுப்பில் பாடம் நடந்தது. கதிரைப் பஸ்ஸில் வேண்டுமென்றே சந்தியைத் தாண்டவிட்டு, தொலைந்துபோகப் பழக்கினார். நான் பார்த்த பாடங்களிலெல்லாம் பெரிய பாடம் அது. நம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். வழி தப்பினால் என்ன செய்வது என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

6

தனியாகப் போகவேண்டிய நாள் வந்தது. மூடுபனியும் வந்தது. பசறை பஸ் நிலையத்திலேயே எதிரில் நிற்கிற கடை மங்கலாகத் தெரிந்தது. மேலே போகப்போக எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தகரக் கூரை தெரியாது. பாடம் முழுவதும் அந்தக் கூரையில்தான் இருக்கிறது.

இன்று மட்டும் கூடவருகிறேன் என்று ஜெயமலர் பஸ்ஸில் கால் வைத்தார். றொஷேல் படியில் நின்று கையை நீட்டி மறித்தாள். வெளியில் பேசாத பிள்ளை, அன்று பேசினாள்.

"நீங்க வேணாம்."

ஜெயமலர் காலை எடுத்துக்கொண்டார். பஸ் போய்விட்டது.

7

இனி முடிவு. மூன்று எழுதியிருக்கிறேன்.

(அ) கூரை தெரியவில்லை. திடீரென்று பஸ்ஸில் இருக்கிறவர்களின் கைகள் நெற்றிக்குப் போகின்றன. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கெபி வந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். றொஷேலின் கையும் உயர்கிறது. பாதியில் நின்று, கீழே இறங்கி, பொத்தானை அமர்த்துகிறது. மாதா காத்திருக்கிறார். அழகான முடிவு. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. என் கதைக்கு வசதியாக அவள் ஒழுங்கை நானே குலைக்கிறேன்.

(ஆ) அவள் ஜெபத்தை முழுதாகச் சொல்கிறாள். சந்தி போய்விடுகிறது. மடுல்சீமையில் இறங்கி மற்றப் பொத்தானை அமர்த்துகிறாள். இன்ஸாப் திரும்புகிற பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வருமுன் வீட்டில் இருக்கிறாள்.

(இ) இது தோன்றிய அன்று கடையில் வேலையே ஓடவில்லை. மூடுபனியில் பஸ் எப்படிப் போகும்? விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் போகும். பாதி வேகம். வகுப்பில் ஜெயமலர் முதலில் ஓடவிட்ட அதே வேகம். அப்படியானால் ஜெபமும் முடியும், பொத்தானும் விழும், சந்தியும் அப்போதுதான்

8

மூன்றையும் ஜெயமலரிடம் வாசித்துக் காட்டி, எது நடந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். நான் நம்பவில்லை. டெப் எங்கே போகிறது என்று ஒரு நீலப் புள்ளி டீச்சரின் ஃபோனில் காட்டும். அதைப் போட்டுக்கொடுத்தவனே நான்தான். அன்று பஸ் நிலையத்தில் நின்றபடி அதைப் பார்த்திருப்பீர்களே என்றேன்.

"கொஞ்சத் தூரம் பாத்தன்," என்றார். "பிறகு ஃபோனை பேக்குக்குள்ள வச்சிட்டன். பஸ்ஸில போற மற்றச் சனத்தையெல்லாம் நான் ஃபோனில பாத்துக்கொண்டா இருக்கிறன்? அவவும் இப்ப அந்தச் சனத்தில ஒராள்."

அந்தப் பிள்ளையைப் பிறந்த நாளிலிருந்து யாராவது பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள் என்றும், அந்த ஒரு பயணம் மட்டும்தான் அவளுடையது என்றும் சொன்னார். றொஷேலிடம் கேட்டதற்கு அவள் சிரித்தாளாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இன்ஸாபிடம் ஜெயமலர் கேட்கவேயில்லை.

நடந்தது எனக்குத் தெரிந்த அளவில் இதுதான்: மறுநாள் காலை றொஷேல் பாடசாலைக்கு வந்தாள். இருதயம்மா காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். புதுத் தவணையிலும் அப்படித்தான்.

9

ஒன்றைச் சொல்லாமல் முடிக்கமுடியாது. அன்று பஸ் எங்கே ஊர்ந்தது, எங்கே நின்றது, சந்தியிலா மடுல்சீமையிலா என்று அந்தப் புள்ளி போன தடம் முழுவதும் என் கடைக் கம்ப்யூட்டரில் சேமிப்பில் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் இந்தக் கதைக்கு முடிவு கிடைத்துவிடும். கதை எழுதுகிறவனுக்கு அதைவிட ஆசை காட்டுகிற பொத்தான் கிடையாது. விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு திறந்து பார்க்காமலே அழித்துவிட்டேன்.

அதனால் இனி நாம் அவளுடைய இந்தப் பயணத்தில் இருக்கக்கூடாது. பசறையிலிருந்து பஸ் புறப்படப்போகிறது, பனி கண்ணாடியில் படிகிறது, முன் சீட்டில் ஒரு பெண் மடியில் டெப்பை வைத்துக்கொண்டு இருக்கிறாள். பின் சீட்டில் ஒளிந்துகொண்டு நீங்களும் நானும். அவள் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. எழும்புங்கள், இறங்குவோம்.