ஒன்பது பேரில் பத்து சதவீதம்

1

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து பிறந்தது. "அஞ்சு அட்டவணைய ஒரே பக்கத்துல அடக்கிட்டியேப்பா, கெட்டிக்காரன்!" என்றார் எங்கள் ஆய்வு நிறுவன மேலாளர். அன்று அறைக்கு வந்ததும், பேச ஆள் இல்லாததால், கண்ணாடியைப் பார்த்து அதைத் திரும்பச் சொன்னேன். (இந்த வரியை அடித்துவிடலாம். ஆனால் சொன்னது உண்மை.)

2

வேறு தொடக்கம்: "ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இருநூறு ஊழியர்கள். எழுபது பேருக்கு விடாத இருமல்..."

அறிக்கை மாதிரி இருக்கிறது. என் வேலையே அதுதான். யாருக்கெல்லாம் இருமல் என்று வயது, பாலினம், ஷிப்ட், சர்வீஸ், பிரிவு வாரியாக ஐந்து குறுக்கு அட்டவணைகளைப் புள்ளியியல் மென்பொருளில் எடுத்து, ஒரே சுருக்க அட்டவணையாக இணைத்தேன். மென்பொருளை யாரும் சொல்லித்தரவில்லை. கதை எழுதுவதையும்தான்.

3

பாத்திரம்: விசில் அக்கா. சலவைப் பிரிவு. இருமி முடிக்கும்போது நெஞ்சில் விசில் சத்தம் வரும். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். என் அறைக்குக் கீழ் அறை. (முதல் பிரதியில் சாதுவாக எழுதியிருந்தேன். நம்பாதீர்கள்.) அவரிடம் கேள்வித்தாளை நிரப்பியவனும் நான்தான்.

"ப்ளீச்சிங் வாடைல கண்ணு எரியுது தம்பி. வாடை வெளிய போக ஒரு ஃபேன் மாட்டச் சொல்லி எழுதிக்க."

"அதுக்குக் கட்டம் இல்லக்கா. இருமல் இருக்கா, இல்லையா?"

"காது கேக்கலயா உனக்கு? டிக்கப் போடுப்பா."

4

பிழை இதுதான். நான்கு அட்டவணைகளில் சதவீதத்தைக் குறுக்காக எடுத்தேன்: ஒரு குழுவில் நூற்றுக்கு எத்தனை பேர் இருமுகிறார்கள். பிரிவு அட்டவணையில் மட்டும் கை தவறி நெடுக்காக எடுத்துவிட்டேன்: இருமுகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அந்தப் பிரிவு. சலவையில் இருப்பதே ஒன்பது பேர். ஏழு பேருக்கு இருமல். எழுபது பேரில் ஏழு, பத்து சதவீதம். எழுபத்தெட்டு நிற்க வேண்டிய இடத்தில் பத்து நின்றது.*

அறிக்கை போன மூன்றாம் நாளே பார்த்துவிட்டேன். வாய் திறக்கவில்லை.

* அட்டவணையில் முதலில் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஒரு நெடுவரிசை இருந்தது. அதை விட்டுவைத்திருந்தால் யாராவது பிழையைக் கண்டுபிடித்திருப்பார்கள். ஒரே பக்கத்தில் அடங்கவில்லை என்று எடுத்துவிட்டேன். பாராட்டு கிடைத்தது அதற்குத்தான்.

5

போன வாரம் ஆஸ்பத்திரியில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: சலவைப் பிரிவில் பாதிப்பு மிகக் குறைவு, பத்து சதவீதமே, ஃபேன் தேவையில்லை. அக்கா படியேறி வந்தார்.

"பத்து சதவீதம்னா என்னப்பா?"

"நூறு பேர்ல பத்து பேரு, அக்கா."

"நாங்க ஒன்பது பேரு. அதுல பத்துன்னா ஒரு முழு ஆளு கூட தேறலயே! அப்ப நாங்க ஏழு பேரும் சேந்து முக்காலே அரைக்கால் ஆளு இருமலத்தான் இருமுறோமா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, விசிலாகி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கென்ன தெரியும். நீ போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும். இல்ல?"

நான் அப்போது

(இந்த வாக்கியம் முடியவில்லை. "ஆமாக்கா" என்றுதான் சொன்னேன்.)

6

முடிவு ஒன்று: மேலாளரிடம் ஒத்துக்கொள்கிறேன், திருத்திய அட்டவணை போகிறது, ஃபேன் சுழல்கிறது. எழுதிப் பார்த்தேன். நெஞ்சு லேசானது. அதுதான் பயமாக இருந்தது: ஒன்றும் செய்யாமலே செய்து முடித்த நிம்மதி. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அக்கா மன்னிக்கிறார். கை கூசியது. அவர் கொடுக்காததை நானே எழுதி எடுத்துக்கொள்வதா?

அதனால் இந்தக் கதைக்கு முடிவு எழுத மாட்டேன். எழுதினால் அதில் போய் ஒளிந்துகொள்வேன். கீழே அக்கா வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டுகிறார். மேலாளர் ஒன்பதுக்கு வருவார். இப்போது எட்டு இருபது. நீங்கள் இதை வாசிப்பதற்குள் ஒன்பது எப்போதோ தாண்டியிருக்கும். நான் போனேனா என்று கதையில் தேடாதீர்கள், சலவைப் பிரிவில் போய்ப் பாருங்கள்.